உட்கார ஓர் இடம்

தமிழ்நாட்டில் கடை ஊழியர் ஒருவர் வேலை நேரத்தில் உட்காரலாம் என்று சட்டம் சொன்னது 2021இல்தான். அந்த ஆண்டு செப்டம்பரில் சட்டப்பேரவையில் கொண்டுவரப்பட்ட திருத்தம், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஊழியர்கள் அனைவருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும்; வேலைக்கு நடுவே வாய்ப்பு அமையும்போது அவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்; வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருக்கும் நிலை வரக் கூடாது. சில வரிகளில் முடிந்துவிடுகிற பிரிவு அது.

அன்றைக்குச் செய்தியைப் படித்த பலர் “இதுக்குப் போய் ஒரு சட்டமா?” என்று வியந்தார்கள். வியந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கள், சொந்தக் கடையில் கல்லாவில் அமர்கிறவர்கள். கால் வலித்தால் உட்காருவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருக்கும் என்ற எண்ணமே அவர்களுக்கு ஒருநாளும் வந்திருக்காது. இன்றைய பெண்ணியம் திரும்பத் திரும்பப் பேசுகிற இரண்டு விஷயங்களை, அதாவது அன்றாட வாழ்வில் ஊறிப்போன பாலினப் பாகுபாட்டையும், சிலருக்குக் கேட்காமலே வாய்த்துவிடுகிற அனுகூலத்தையும், இந்த வியப்பிலிருந்தே விளங்கிக்கொள்ளத் தொடங்கலாம். இரண்டைப் பற்றியும் வாய்ச்சண்டைகள் ஏராளமாக நடக்கின்றன. நின்று நிதானமாக விளக்குவது குறைவாகவே நடக்கிறது.

பெரிய ஜவுளிக்கடை ஒன்றின் நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது, பத்து மணிக்குத் தளத்தில் நிற்கத் தொடங்கும் பெண், இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் இறங்குவார். ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் வந்தால் நேரம் இன்னும் நீளும். கூட்டம் இருக்கும்போது நிற்பதைக்கூட ஒருவர் புரிந்துகொள்ளலாம். ஆள் நடமாட்டமே இல்லாத பிற்பகல் மூன்று மணிக்கும் அலமாரியில் சாயாமல் நிற்க வேண்டும் என்பதுதான் பல கடைகளின் நடைமுறை. சூப்பர்வைசர் பார்ப்பார், அவர் பார்க்காவிட்டால் கேமரா பார்க்கும். கழிப்பறைக்குப் போக இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டியிருந்தால், போய்வந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தால், தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள். அதனால் சிறுநீர்த் தொற்று வருகிறது. மாலையில் பாதம் வீங்குகிறது. சில ஆண்டுகளில் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நிற்கிறது. மாதவிடாய் நாள்களிலும் இதே நிற்றல்தான். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்து, கடை கொடுக்கிற விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளம்பெண்களின் இந்த வாழ்க்கையைத் தமிழ்ச் சமூகம் அறியாமல் இருந்தது என்று சொல்ல முடியாது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010லேயே அதைத் திரையில் காட்டிவிட்டது. பார்த்தவர்கள் கலங்கினார்கள். சட்டம் வர மேலும் பதினொரு ஆண்டுகள் ஆயின.

துணி விற்பது நின்று செய்ய வேண்டிய தொழில்தானே என்று ஒரு வாதம் உண்டு. அது சரியில்லை. பழைய ஜவுளிக்கடைகளில் வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் விற்பவரும் உட்காருவார், வாங்குபவரும் உட்காருவார். புடவைகள் இருவருக்கும் நடுவில் விரியும். காஞ்சிபுரத்தில் சில பட்டுக் கடைகளில் இன்றும் அப்படித்தான். உட்கார்ந்து விற்றதால் அந்தக் கடைகளின் மரியாதை குறைந்துவிடவில்லை, வியாபாரமும் படுத்துவிடவில்லை.

உடல் தாங்காது என்பது யாருக்கும் தெரியாத உண்மையும் இல்லை. நின்று வேலை செய்கிற தொழிலாளருக்கு உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 44ஆம் பிரிவில் சொல்லிவிட்டது. அதற்கும் முன்பே, 1899இல், பிரிட்டனில் கடைப் பெண்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. மூன்று பெண் ஊழியர்களுக்கு ஓர் இருக்கையாவது போட வேண்டும் என்று எண்ணிக்கையையே அது குறித்தது. நம் ஆலைகளுக்கு 1948இல் எட்டிய நியாயம், நம் கடைத்தளத்துக்கு வந்து சேர எழுபத்து மூன்று ஆண்டுகள் பிடித்தன.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு முதலாளியின் கொடுமை என்று சொன்னால் எளிதாக முடிந்துவிடும். ஆனால் எல்லா ஊரிலும் எல்லாக் கடையிலும் ஒரே வழக்கம் இருக்கும்போது அந்த விளக்கம் போதாது. பெண் நிற்பதைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. விருந்தினர் வந்தால் ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். வீட்டுப் பெண் அடுக்களை நிலையைப் பிடித்தபடி நின்று பேசுவார். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவர் பரிமாறிக்கொண்டு நிற்பார். கடைசியில் உட்காரும்போது குழம்பு ஆறியிருக்கும். யாரும் அவரை நில் என்று சொல்லவில்லை. நிற்பதுதான் அடக்கம், உட்கார்ந்தால் திமிர் என்று சிறுவயதிலிருந்து பழக்கியாயிற்று. ஜவுளிக்கடை புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டில் தயாராக இருந்த பழக்கத்தை எடுத்துத் தன் வேலை விதியாக்கிக்கொண்டது.

அன்றாடப் பாலினப் பாகுபாடு என்று பெண்ணியம் சொல்வது இதைத்தான். பாகுபாடு என்றதும் நாம் ஒரு வசவையோ அடியையோ தேடுகிறோம், செய்தவர் யார் என்று கேட்கிறோம். பெரும்பாலான நேரங்களில் செய்தவர் என்று ஒருவரைச் சுட்டவே முடியாது. ஓர் ஏற்பாடு இருக்கிறது. எல்லோரும் அதன்படி நடக்கிறார்கள். பெண்களே அடுத்த தலைமுறைப் பெண்களை அதற்குப் பழக்குகிறார்கள். லாரா பேட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 2012இல், பெண்கள் தங்களுக்கு அன்றாடம் நேர்கிற சிறு அவமதிப்புகளை எழுதிச் சேர்க்கும்படி ஓர் இணைய முயற்சியைத் தொடங்கினார். உலகம் முழுவதிலுமிருந்து பதிவுகள் வந்து குவிந்தன. ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால், “இதைப் போய்ப் பெரிசு பண்ணணுமா?” என்று தோன்றும். சேர்த்துப் படிக்கும்போதுதான் அவை ஒரே ஏற்பாட்டின் பகுதிகள் என்பது தெரியும்.

கேரளத்தில் இதைப் பெரிதாக்கியவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. தையல் தொழிலாளியான பி. விஜியின் முயற்சியில் உருவான ‘பெண்கூட்டு’ அமைப்பு அதற்காகவும் பிறகு உட்காரும் உரிமைக்காகவும் ஆண்டுக்கணக்கில் போராடியது. திருச்சூரில் ஒரு ஜவுளிக்கடையின் பெண் ஊழியர்கள் மாதக்கணக்கில் மறியலில் இருந்தார்கள். 2018இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. அடுத்து திருத்திய மாநிலம் தமிழ்நாடு. கூலி உயர்வு, வேலை நேரம் போன்ற பெரிய கோரிக்கைகளுக்கு நடுவே நாற்காலியும் கழிப்பறையும் அற்பமாகத் தெரிந்த காலத்தில், அவை அற்பமில்லை என்று சொல்ல அந்தப் பெண்கள் தங்களுக்கென்று ஓர் அமைப்பைக் கட்ட வேண்டியிருந்தது. இன்றைய பெண்ணியத்தின் வேலை எங்கே நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் இடம் மிட்டாய்த் தெருதான்.

அதே கடைகளில் ஆண்களும்தானே நிற்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆண் விற்பனையாளரின் காலும் வலிக்கத்தான் செய்கிறது. தமிழ்நாட்டுத் திருத்தம் ஊழியர் அனைவருக்கும் என்றுதான் சொல்கிறது. கடைப் பெண்களின் போராட்டம் முன்னுக்குக் கொண்டுவந்த உரிமை ஆண்களுக்கும் சேர்த்தே வந்தது. பெண்ணியம் ஆண்களிடமிருந்து எதையோ பறிக்க வருகிறது என்று அஞ்சுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூடவே இன்னொன்றையும். சாப்பாட்டு இடைவேளையில் அந்த ஆண் தெருவுக்கு இறங்கி, டீக்கடை பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்து வரலாம். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அவரோடு வேலை பார்க்கும் பெண் அதே பெஞ்சில் தனியாகப் போய் உட்கார்ந்தால் தெருவே பார்க்கும். நம் ஊர்களில் டீக்கடை பெஞ்சு, கோயில் மண்டபம், பாலத்துக் கைப்பிடிச் சுவர் எல்லாம் ஆண்கள் இளைப்பாற வைத்த இருக்கைகள்போல ஆகிவிட்டன. அவற்றில் பெண்கள் உட்காரக் கூடாது என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

அந்த ஆணுக்கு இருப்பதுதான் அனுகூலம். ஆங்கிலத்தில் பிரிவிலேஜ் என்கிறார்கள். இந்தச் சொல்லைக் கேட்டதும் பலருக்குக் கோபம் வருகிறது, வருவதில் வியப்பில்லை. ஏழை வீட்டில் பிறந்து, பன்னிரண்டு மணி நேரம் நின்று, மாதச் சம்பளத்தில் பாதியை ஊருக்கு அனுப்பும் இளைஞரிடம் போய் “நீ அனுகூலம் பெற்றவன்” என்றால் அவர் ஏன் ஏற்க வேண்டும்? அவர் வாழ்க்கை எளிதானது என்று அந்தச் சொல் சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கிறது. அது அப்படிச் சொல்லவில்லை. அவர் படுகிற பாடுகள் பலவற்றுக்கு வறுமை காரணம், சாதி காரணம், முதலாளி காரணம்; அவர் ஆண் என்பது மட்டும் அந்தக் காரணங்களில் இல்லை. அவரோடு பிறந்த தங்கைக்கு இந்தக் காரணங்கள் எல்லாம் இருக்கின்றன, அதற்குமேல் இன்னொன்றும் இருக்கிறது. இவ்வளவுதான் அனுகூலம் என்ற சொல் சுட்டுவது.

இதைத் தன்மேலேயே வைத்துப் பார்த்தவர் பெக்கி மெக்கின்டோஷ். அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரியைச் சேர்ந்தவர். பெண்கள் பின்தள்ளப்பட்டிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளும் ஆண்கள்கூட, அதனால் தங்களுக்குக் கூடுதலாக ஏதோ சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத் தயங்குவதைக் கவனித்தார். அதோடு நிறுத்தியிருந்தால் அது இன்னொரு புகாராக மட்டும் இருந்திருக்கும். வெள்ளையராகப் பிறந்ததால் தனக்கும் அப்படித்தானே சேர்ந்திருக்க வேண்டும் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, 1988இல் எழுதிய கட்டுரையில் 46 விஷயங்களைப் பட்டியலிட்டார். கடைக்குப் போனால் திருடவந்தவள் என்று சந்தேகித்து யாரும் பின்தொடர மாட்டார்கள் என்பது போன்ற மிகச் சிறிய விஷயங்கள். தான் கேட்டு வாங்காதவை, தனக்குக் கிடைத்திருப்பதே தெரியாதவை.

அவர் கேட்டதை நம் ஜவுளிக்கடையிலும் கேட்க வேண்டியிருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர் யார்? பெரும்பாலும் இன்னொரு பெண். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர். ஸ்டூல் போட்டு, குளிர்பானம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். எதிரே நிற்கும் பெண் நாற்பது புடவைகளைப் பிரித்துக் காட்டி, ஒன்றும் பிடிக்காமல் அவர் எழுந்து போன பிறகு நாற்பதையும் மடித்து அடுக்குகிறார். வீட்டில் கடைசியாக உட்காருகிறவர் என்று மேலே சொன்ன பெண்ணே, இங்கே உட்கார்ந்திருப்பவராகவும் இருக்கலாம். பெண் என்பதால் ஓரிடத்தில் நிற்கவைக்கப்படுபவர், பணமோ சாதியோ படிப்போ இருப்பதால் மற்றோரிடத்தில் உட்காரவைக்கப்படுகிறார். வீட்டுவேலைக்கு வரும் பெண்ணைத் தரையில் உட்காரச் சொல்லும் வீடுகளில், அப்படிச் சொல்கிறவரும் பல நேரம் பெண்தான்.

கிம்பர்லே கிரென்ஷா என்ற அமெரிக்கச் சட்ட அறிஞர் 1989இல் இந்த அடுக்குகளைப் பற்றி எழுதியபோது ஒரு வழக்கை எடுத்துக் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்குறைப்பில் வேலையிழந்த கறுப்பினப் பெண்கள் தொடுத்தது. அந்த நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது, அவர்கள் வெள்ளைப் பெண்கள். கறுப்பினத்தவரை எடுத்திருந்தது, அவர்கள் ஆண்கள். ஆகவே பெண் என்ற முறையில் பாகுபாடு இல்லை, பெண், கறுப்பர் என்ற இரண்டையும் சேர்த்து ஒரே புகாராக வைக்கவும் முடியாது என்று நீதிமன்றம் கணக்கு முடித்தது. இரண்டாகவும் இருந்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. தலித் பெண்களின் குரல் பெண்கள் அமைப்புகளிலும் சாதி ஒழிப்பு அமைப்புகளிலும் தனித்து எழ வேண்டியிருந்ததன் காரணத்தை இந்த வழக்கைப் படிக்கிற தமிழர் உடனே புரிந்துகொள்வார்.

வீட்டுக்குத் திரும்புவோம், ஏனென்றால் அனுகூலம் மிக அமைதியாக வேலை செய்யும் இடம் அதுதான். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமையைத் தமிழ்நாடு 1989லேயே சட்டமாக்கியது. அப்போது திருமணமாகியிருந்த மகள்களுக்கு அது பொருந்தவில்லை. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005இல் வந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் மிச்சமிருந்த ஐயத்தையும் தீர்த்துவைத்தது. ஆனால் சொத்தைப் பிரிக்கும் நாளில் நடப்பதென்ன? சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் தயாராக இருக்கும். “நகை போட்டாச்சு, சீர் செஞ்சாச்சு, தம்பிக்கு விட்டுக்கொடும்மா” என்பார்கள். கையெழுத்துப் போட்டால் நல்ல மகள். பங்கைக் கேட்டால் பேராசைக்காரி. அடுத்த பொங்கலுக்குத் தாய்வீட்டுச் சீர் வராது, தாய்மாமன் முறைக்கு ஆள் வராது. எத்தனையோ பெண்கள் நிலத்தைவிடத் தாய்வீட்டு வாசல் பெரிது என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. நாம் கவனிக்க வேண்டியது மகனை. அவன் கெட்டவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அக்காமேல் உயிரையே வைத்திருக்கலாம். பங்குக்கும் பாசத்துக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவனிடம் மட்டும் யாரும் சொல்வதில்லை. அவனுக்கு இரண்டும் உண்டு.

நேரத்தின் கணக்கும் இப்படித்தான். ஒன்றிய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஒரு நாளில் சம்பளமில்லாத வீட்டுவேலை செய்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர்; ஆண்கள் 26 பேர். செய்தவர்களை மட்டும் எடுத்தால் பெண்கள் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிடம். இந்த உழைப்பின் மதிப்பை நீதிமன்றங்கள் உணரத் தொடங்கியிருக்கின்றன. வெளிநாட்டில் சம்பாதித்த கணவர் வாங்கிய சொத்தில் வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் பங்குண்டு, அவர் குடும்பத்தைத் தாங்கியதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்தது.

இவ்வளவுக்குப் பிறகும், “பொம்பளைங்களுக்குத்தான் எல்லாம் குடுத்தாச்சே” என்ற பேச்சு ஓயவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2023 செப்டம்பரில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை தொடங்கியது. ‘ஓசி டிக்கெட்’ என்ற கேலியைப் பேருந்தில் கேட்காத பெண்கள் குறைவு. பெண்களுக்குக் கிடைப்பது அரசாணையாக, அறிவிப்பாக, விழா மேடையில் எல்லோரும் பார்க்க வருகிறது. ஆண்களுக்குக் கிடைத்திருப்பதற்கு அரசாணை எண் கிடையாது. டீக்கடை பெஞ்சும், கேட்காமல் வரும் பங்கும், சமைத்து வைத்த சோறும், இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து வீட்டுக்குப் போவதும் யாரும் விழா எடுத்துக் கொடுத்தவையல்ல. ஆகவே கண்ணில் படும்படி வந்தது சலுகையாகவும், கண்ணில் படாமல் வந்தது இயல்பாகவும் தோன்றுகிறது. இலவசப் பயணத்தை எதிர்த்துப் பொருளாதார வாதம் வைக்க யாருக்கும் உரிமை உண்டு. பயணிக்கிற பெண்ணை இழிவுசெய்ய அந்த வாதம் தேவைப்படுவதில்லை.

அனுகூலம் இருப்பவர் அதற்காகக் குற்றவுணர்வில் குமைய வேண்டுமா என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். குமைந்து யாருக்கு என்ன பயன்? விடுதலைப் பத்திரம் மேசைக்கு வரும்போது “அக்கா பங்கு அக்காவுக்கு” என்று தம்பி சொன்னால் விஷயம் அங்கேயே முடிகிறது. அக்கா கேட்கவும் வேண்டாம், பேர் கெடவும் வேண்டாம். அவன் வாயிலிருந்து வரும் அந்த ஒரு சொல்லுக்கு, அவள் வழக்குப் போட்டு வாங்கும் தீர்ப்பைவிட வலிமை அதிகம். புடவை எடுக்கப் போகிறவர், “நீயும் உட்காரும்மா, உட்கார்ந்தே காட்டு” என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லலாம். வாடிக்கையாளர் மரியாதைக்காகத்தான் ஊழியர் நிற்கிறார் என்று கடை சொல்லும்போது, அந்த மரியாதை எனக்கு வேண்டாம் என்று சொல்லும் தகுதி வாடிக்கையாளருக்குத்தான் இருக்கிறது.

ஆனால் நல்ல மனங்களை மட்டும் நம்பிச் சட்டத்தைத் தளர விடக் கூடாது. 22-அ பிரிவு தகுந்த இருக்கை என்கிறதே தவிர எத்தனை என்று எண்ணிக்கை சொல்லவில்லை. நூறு பேர் நிற்கும் தளத்தில் தூணோரம் நான்கு ஸ்டூலைப் போட்டுவிட்டுச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டோம் என்று ஒரு கடை சொல்ல இது இடம் தருகிறது. இத்தனை ஊழியருக்கு இத்தனை இருக்கை, அவை விற்பனைத் தளத்திலேயே இருக்க வேண்டும், உட்கார்ந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பவை விதிகளில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். கழிப்பறைக்குப் போகும் நேரத்தைக் கணக்கெடுப்பதையும் அதே விதிகளில் தடைசெய்யலாம். ஆய்வுக்கு வரும் தொழிலாளர் துறை அதிகாரி பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு நிற்காமல், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை நேரத்தில் தளத்துக்கு ஏறிப் பார்க்க வேண்டும். இருக்கைகளை எண்ண வேண்டும். இன்றைக்கு எத்தனை முறை உட்கார்ந்தீர்கள் என்று அந்தப் பெண்களிடம் கேட்க வேண்டும், சூப்பர்வைசரைக் கீழே அனுப்பிவிட்டு.